யாரும் மிதிக்காத தொட்டி

முதலில் நான் கட்டியது என்னென்ன என்று சொல்லிவிடுகிறேன். நானாகச் சொல்லாவிட்டால் எவரும் கேட்கப் போவதில்லை.

கீழப்பாவூர் குளத்துக்கு மேற்கே பாறை மேட்டில் மூன்று கோழிக் கொட்டகைகள் கட்டினேன். அங்கே கள்ளி மட்டும்தான் முளைக்கும் என்றார்கள். நீரோட்டம் பார்க்க வந்தவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு மேடு முழுக்க நடந்தார். தேங்காய் அசையவே இல்லை. "தேங்காயை மாத்திப் பாரும்" என்றேன். கோபித்துக்கொண்டு போய்விட்டார். என் சைக்கிள் நின்ற இடத்தில் துளை போடச் சொன்னேன். தண்ணீர் வந்தது. கரண்டுக் கம்பம் வராது என்றார்கள். வந்தது. நான்காம் வகுப்பை முடிக்காதவனுக்கு வங்கி கடன் தராது என்றார்கள். தந்தது, நான் அடைக்கவும் செய்தேன். குற்றாலத்தில் சாரல் அடிக்கும் மாதங்களில் அருவியில் குளித்துவிட்டுப் பசியோடு பரோட்டாக் கடைகளில் உட்கார்கிற சனம் தின்ற கோழியில் பாதி என் கோழி. பாதி என்று அடக்கமாகச் சொல்கிறேன்.

இப்போது பண்ணையை என் மகள் பார்க்கிறாள். நான் மகளைப் பார்த்துக் குறை சொல்கிறேன். அதுதான் ஓய்வு.

கோழி வளர்ப்புப் பயிற்சிக்கு வரும் புதியவர்களுக்கு என் அனுபவத்தை எழுதித் தரும்படி எங்கள் கால்நடை மருத்துவர் கேட்டார். தீவனம், தடுப்பூசி, எடை, வெப்பம் எல்லாம் உங்கள் கையேட்டிலேயே இருக்கிறது. அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. அந்தக் கையேட்டில் பறவைக் காய்ச்சல் என்ற பகுதியில் ஒரே ஒரு வரி என்னால் வந்தது. அந்த ஒரு வரி எப்படி வந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். தம்பிமார், தங்கச்சிமார் எல்லாரும் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும். சிரிக்கிற இடத்தில் சிரித்துக்கொள்ளலாம். நான் கோபப்பட மாட்டேன். கொஞ்சம்தான் படுவேன்.

கார்த்திகையும் மார்கழியும் எங்கள் தொழில் படுத்துவிடும் மாதங்கள். குற்றாலம் முழுக்க ஐயப்ப சாமிகள். கோழி என்ற சொல்லே காதில் விழக் கூடாது என்று நடப்பார்கள். ஆனால் தை பிறந்து மாலையைக் கழற்றிய மறுநாள் அத்தனை பேரும் கறிக்கடை வாசலில் நிற்பார்கள். அந்த நாளுக்காகவே இரண்டு கொட்டகை நிறையக் கோழியை எடை பார்த்து வளர்த்துக்கொண்டு வருவேன். என் வருடமே அந்த ஒரு வாரத்தில்தான் இருக்கிறது.

ஒரு மார்கழியில், மலைக்கு அந்தப் பக்கம், அடுத்த மாநிலத்தில் தாராக்கள் கூட்டமாகச் சாகின்றன என்று சேதி வந்தது. நாங்கள் தாரா என்பது உங்கள் புத்தகத்து வாத்துதான். புளியரைச் சோதனைச் சாவடியில் வருகிற வண்டிகளின் சக்கரத்துக்கெல்லாம் மருந்து அடித்தார்கள். இரண்டாம் நாள், இதை என்னை எழுதச் சொன்ன அதே கால்நடை டாக்டரம்மா ஸ்கூட்டியில் என் பண்ணைக்கு வந்தார். என் மகளைவிடச் சின்னவர். வேறு டாக்டர்கள் வந்தால் கோழியைப் பார்ப்பார்கள். இவர் வந்ததும் முதலில் ஆட்களின் கால்களைப் பார்ப்பார்.

அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெளி ஆள், வெளி வண்டி உள்ளே வரக் கூடாது. கொட்டகைக்கு உள்ளே போட ஒரு செருப்பு, வெளியே போட ஒன்று. குளத்துப் பறவைகளும் காக்கையும் தீவனத்தையும் தண்ணீரையும் தொடாதபடி வலை கட்ட வேண்டும். தாராவையும் கோழியையும் ஒன்றாக வளர்க்கக் கூடாது. செத்ததை வெறுங்கையால் தொடக் கூடாது. உறையும் முகக்கவசமும் போட்டு, வேலை முடிந்ததும் சோப்பால் கை கழுவ வேண்டும். கையைக் கண்ணுக்கோ மூக்குக்கோ கொண்டுபோகவே கூடாது. சாவு கூடினால் அன்றைக்கே சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு கொட்டகை வாசலிலும் மருந்து கரைத்த தொட்டி இருக்க வேண்டும், உள்ளே போகிறவர் அதில் செருப்போடு கால் முக்கிவிட்டுத்தான் போக வேண்டும்.

இத்தனை வருடம் கோழியோடு கிடந்தவனுக்கு ஸ்கூட்டியில் வந்து பாடம் எடுக்கிறாரே என்று மனதுக்குள் ஒரு முணுமுணுப்பு. வெளியே தலையை ஆட்டினேன். ஆட்டிவிட்டு, அவர் சொன்னதைவிட நன்றாகச் செய்து காட்டுவது என்று முடிவு செய்தேன். தம்பிமாரே, சொன்னதைச் செய்யாதவனால் வருகிற கேடு ஒரு பங்கு. சொன்னதைவிட நன்றாகச் செய்கிறவனால் வருவது மூன்று பங்கு. என்னைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

மற்றவர்கள் பழைய டயரையோ பிளாஸ்டிக் தட்டையோ வைத்தார்கள். நான் கொத்தனாரைக் கூப்பிட்டு சிமெண்ட் தொட்டி கட்டினேன். ஓரத்தில் சிவப்புக் காவி. டாக்டரம்மா கொடுத்த மருந்தைக் கரைத்தால் ஆஸ்பத்திரி நாற்றம் அடித்தது, ஆட்கள் தும்மினார்கள். நான் யோசித்தேன். கிருமிக்கு மஞ்சளைவிடப் பெரிய எதிரி உண்டா? அம்மை போட்ட வீட்டு வாசலில் வேறு எதை வைக்கிறோம்? கிலோக் கணக்கில் மஞ்சள் பொடியை மருந்துத் தண்ணீரில் கொட்டினேன். வேப்பிலையைக் கொத்துக் கொத்தாக மிதக்கவிட்டேன். தொட்டி பொன்னாக மின்னியது. படம் எடுத்து எங்கள் பண்ணைக்காரர் வாட்ஸப் குழுவில் போட்டேன். எட்டுப் பண்ணைக்காரர்கள் அதே மாதிரி கட்டினார்கள். வீரகேரளம்புதூரில் இருந்து ஒருத்தர் போன் பண்ணி, கிழங்கு மஞ்சளா கஸ்தூரி மஞ்சளா என்று கேட்டார். எது வேண்டுமானாலும் போடலாம், மனசுதான் முக்கியம் என்றேன். நான் சொன்னதிலேயே அபத்தமான வார்த்தை அதுதான்.

மூன்றாம் நாள் பார்த்தால் தொட்டியின் நாலு மூலையிலும் யாரோ குங்குமப் பொட்டு வைத்திருந்தார்கள். ஐந்தாம் நாள் ஒரு செம்பருத்திப் பூ கிடந்தது. பொறுப்பான ஆட்கள், வேலையில் பக்தி வந்துவிட்டது என்று மகிழ்ந்தேன். கொட்டகைக்கு வெளியே செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. அதையும் ஒழுங்கு என்றே நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு காரியமும் செய்தேன். ஆட்களை நிறுத்தி, வீட்டில் கோழியோ தாராவோ வளர்க்கிறவர்கள் நாளை முதல் வேலைக்கு வரவேண்டாம் என்றேன். யார் வீட்டிலும் ஒரு முட்டைகூட இல்லை என்று எல்லாரும் சத்தியம் செய்தார்கள். மறுநாள் விடிகாலையில் அவர்கள் தெரு வழியாக வந்தேன். ஏழு வீட்டில் சேவல் கூவியது. சேவல்களுக்கு என் உத்தரவு போய்ச் சேரவில்லை. நானும் கேட்காததுபோல் வந்துவிட்டேன்.

பொங்கலுக்கு ஐந்து நாள் இருக்கையில் இரண்டாவது கொட்டகையில் மூன்று கோழி செத்துக் கிடந்தது. மூன்று சாவது புதிதில்லை. மறுநாள் பதினொன்று. அதற்கு மறுநாள் காலையில் எண்ண ஆரம்பித்து நாற்பதில் நிறுத்திவிட்டேன். மற்றவை கழுத்தைத் தொங்கப் போட்டு நின்றன. பறவைக் காய்ச்சலில் கொண்டை நீலம் பாயும் என்பார்கள். பாய்ந்திருக்கிறதா, இல்லை என் கண்ணுக்கு அப்படித் தெரிகிறதா என்று எனக்கே பிடிபடவில்லை.

அந்தக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டது பேச்சியம்மாள். பதினாறு வருடமாக என்னிடம் வேலை. என்னிடம் பயப்படாமல் பேசுகிற ஒரே ஆள். அன்று அவள் பேசவே இல்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தீவன மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என் யோசனையில் நான் அதைக் கவனிக்கவில்லை.

என் யோசனை என்ன என்றும் சொல்லிவிடுகிறேன். டாக்டரம்மாவுக்குச் சொன்னால் பண்ணையைப் பூட்டுவார்கள். அந்த நோய்தான் என்று வந்துவிட்டால் மூன்று கொட்டகையிலும் ஓர் இறகு மிஞ்சாது. சொல்லாவிட்டால் தை வாரம் கைக்கு வந்துவிடும். இப்படி நிற்கும்போதே குற்றாலத்திலிருந்து மரியதாஸ் போன் பண்ணினான். கறிக்கடைக்காரன். பரோட்டாக் கடைகளுக்கெல்லாம் அவன் வழியாகத்தான் என் கோழி போகும். எனக்குத் தம்பி மாதிரி. என் பண்ணையில் தும்மினால் அவன் கடையில் கேட்கும்.

"அண்ணாச்சி, செத்ததைப் பத்தி நான் ஒண்ணும் கேக்கலை. உசுரோட இருக்கதைத்தான் கேக்கேன். இன்னைக்கே ஏத்திருவோம். வெட்டி உரிச்சுட்டா எது எங்கன உள்ள கோழின்னு எவன் பாக்கப் போறான்?"

சரி, வா என்று சொல்லிவிட்டேன். மறைக்கவில்லை, என் வாயால் சொன்னேன். இதைப் படிக்கிறவர்களில் நான் சொல்லியிருக்க மாட்டேன் என்று நினைப்பவர், இரண்டு கொட்டகையை வைத்துக்கொண்டு ஒரு மார்கழி இருந்து பார்த்துவிட்டு வரட்டும்.

மத்தியானம் வண்டியோடு மரியதாஸே வந்துவிட்டான். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. நான் கொட்டகைக்கு உள்ளே நின்றேன். அவன் வாசலுக்கு வந்து தொட்டியைப் பார்த்தான். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். குனிந்து இரண்டு விரலை மஞ்சள் தண்ணீரில் தொட்டான். நெற்றி, நெஞ்சு, இரண்டு தோள் என்று சிலுவை போட்டுக்கொண்டான். வேட்டியைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு ஒரே தாண்டு. உள்ளே வந்து குதித்தான்.

அவன் காலைப் பார்த்தேன், பிறகு தொட்டியைப் பார்த்தேன்.

"என்ன வே செய்யுதீரு?"

"தீர்த்தம் வச்சிருக்கியளே அண்ணாச்சி. எந்தச் சாமியா இருந்தா என்ன, வாசல்ல வச்சா மரியாதை மரியாதைதானே. கோயில்ல நாங்க அப்படித்தான்."

"அதுல காலை வைக்கணும் வே. செருப்போட."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "சாமித் தண்ணியிலயா? நல்லா இருக்கியளா அண்ணாச்சி?"

திரும்பிப் பேச்சியைப் பார்த்தேன். "ஏட்டி பேச்சி, நீ இதுல காலை முக்கித்தானே உள்ள வார?"

மூட்டையில் சாய்ந்தபடியே சொன்னாள். "மஞ்சளும் வேப்பிலையுமா அம்மன் கெடக்கா. அவ மேல செருப்புக் காலை வைக்க எனக்கென்ன கிறுக்கா? தொட்டுக் கண்ணுல ஒத்திட்டு ஓரமாத் தாண்டித்தான் வருவோம். எல்லாரும் அப்படித்தான். குங்குமம் வச்சது நாந்தான்."

தம்பிமாரே, அந்த நிமிஷத்தை நினைத்துப் பாருங்கள். கையைக் கண்ணில் வைக்காதே என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போனார். நான் ஒரு தொட்டி கட்டி, எல்லாரும் தினமும் கையைக் கண்ணில் வைக்க ஏற்பாடு செய்திருக்கிறேன். செருப்புதான் அழுக்கைக் கொண்டுவரும் என்று தொட்டி வைத்தால், ஊர்ப் புழுதியை மிதித்த வெறுங்கால் நேராகக் கோழி நடுவே நடந்திருக்கிறது. அதுவும் எட்டுப் பண்ணையில், என் படத்தைப் பார்த்து.

மரியதாஸின் வண்டியைப் பார்த்தேன். கூண்டுகளின் அடியில் வெள்ளையும் பழுப்புமாக நீள இறகுகள் ஒட்டியிருந்தன. கோழி இறகு இல்லை. நேற்று என்ன ஏற்றினாய் என்று கேட்டேன். கொஞ்சம் இழுத்துவிட்டுச் சொன்னான், செங்கோட்டைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் தாரா, மலிவாக வந்தது என்று.

நான் நடந்துபோய் வெளிக் கேட்டைச் சாத்திப் பூட்டினேன்.

"அண்ணாச்சி, எதுக்குப் பூட்டுதிய? நான் உள்ள இருக்கேன்."

"அதுக்குத்தாம் வே பூட்டுதேன்."

அரை மணி நேரம் மல்லுக்கு நின்றான். டாக்டருக்குச் சொன்னால் எல்லாம் போய்விடும், பரோட்டாக் கடைக்காரர்கள் தன்னை உரித்து மாட்டிவிடுவார்கள் என்றான். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "இது அந்த நோவுன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டான்.

"தெரியாதுவே. தெரியாததை எப்படி வண்டியில ஏத்த?"

உங்களுக்கு நான் சொல்ல வேண்டிய பாடம் இவ்வளவுதான். எனக்கு நோய் எது என்று தெரிந்துவிடவில்லை. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை என்பதுதான் தெரிந்தது. அந்தக் கோழி குற்றாலத்தில் பத்துக் கடைக்குப் போகும். உரிக்கிறவன் வெறுங்கையோடு நிற்பான். நன்றாக வெந்த கறியால் கேடில்லை என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். வேகுமுன் அதைத் தொடுகிற கைகள் எத்தனை என்று எனக்குத் தெரியும். நானும் அப்படி வெறுங்கையால் கோழியைத் தொட்டவன்தான்.

போனை எடுக்கும்போதுதான் பேச்சி இருமினாள். தொட்டுப் பார்க்கப் போனேன், அவளே தள்ளி உட்கார்ந்தாள்.

"கிட்ட வராதிய அண்ணாச்சி. மூணு நாளாக் காய்ச்சல்."

"ஏன் சொல்லலை?"

"போன வாரம் வீட்டுல ஆறு கோழி செத்துப்போச்சு. அஞ்சை ஓடையில போட்டேன். ஒண்ணு துடிச்சிக்கிட்டு இருந்துது, அறுத்துக் கொழம்பு வச்சிட்டேன். வீட்டுல கோழி இருந்தா வேலைக்கு வராதேன்னு சொன்னியளே. எப்படிச் சொல்ல?"

பதினாறு வருடம் என்னிடம் பயமில்லாமல் பேசியவளை ஓர் உத்தரவால் ஊமையாக்கியது நான்தான். சொன்னால் வேலை போகும் என்று வைத்தால் யாரும் சொல்ல மாட்டார்கள். வீட்டுக் கோழி செத்தால் சொல்லு, சம்பளத்தோடு லீவு என்று வைத்தால் அன்றைக்கே வந்து சொல்வார்கள். இப்போது என் பண்ணையில் அதுதான் சட்டம்.

டாக்டரம்மா ஒரு மணி நேரத்தில் வந்தார். தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு உள்ளே போனார். போகுமுன் தொட்டி அருகே நின்று, ஒரு குச்சியால் வேப்பிலையை ஒவ்வொரு கொத்தாகத் தூக்கி வெளியே போட்டார். நான் ஏதாவது திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"மருந்துல இலை, பொடியெல்லாம் விழுந்தா மருந்துக்கு வேலை இல்லாம போயிடும் ஐயா," என்றார். "அதனால இவங்க மிதிச்சிருந்தாலும் பிரயோஜனம் இல்லை."

அதாவது என் தொட்டி இரண்டு வழியிலும் தோற்றிருக்கிறது. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மாதிரி எடுத்து அனுப்பினார். பேச்சியைத் தென்காசி ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, செத்த கோழியைத் தொட்டவள் என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லச் சொன்னார். அதைச் சொன்னால்தான் எதைச் சோதிப்பது என்று அவர்களுக்குத் தெரியும். மரியதாஸின் வண்டியைக் கூண்டோடு கழுவி மருந்தடித்தார்கள். அவனையும் சோப்புப் போட்டுக் குளிக்க வைத்தார்கள். வெள்ளைச் சட்டை மருந்து வாளிக்குள் போனது. என் பழைய கைலியும் என் மகளின் பள்ளிக்கூட விளையாட்டுப் பனியனும் போட்டு வெளியே வந்தான். முதுகில் நூறு மீட்டர் ஓட்டம் என்று எழுதியிருந்தது. முடிவு வரும்வரை ஒரு கோழியும் வெளியே போகக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு டாக்டரம்மா கிளம்பினார்.

அடுத்து நான் செய்ததுதான் என் வாழ்க்கையிலேயே கஷ்டமான வேலை. பாறையில் தண்ணீர் எடுத்தது அதற்குப் பக்கத்தில் வராது. அந்த எட்டுப் பண்ணைக்கும் சொல்ல வேண்டும். எழுதினால் பிழை வரும் என்று குரல் பதிவாகப் போட நினைத்தேன். முதல் பதிவில் மஞ்சளின் பெருமையை மட்டும் பேசியிருந்தேன். இரண்டாவதில் தவறு கொத்தனார் மேல் போயிருந்தது. மூன்றாவதில் பேச்சி மேல். ஆறு தடவை அழித்தேன். ஏழாவதில் சொன்னேன்: "நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். தொட்டியில உள்ள மஞ்சளைக் கொட்டுங்க. டாக்டரம்மா சொன்ன மருந்தை மட்டும் ஊத்துங்க. ஒங்க ஆளுக செருப்போட மிதிக்காவளா, தாண்டுதாவளான்னு நின்னு பாருங்க."

பிறகு ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். எட்டிலும் ஆட்கள் தாண்டித்தான் போயிருக்கிறார்கள். ஒரு தொட்டியில் தினமும் சூடம் ஏற்றியிருக்கிறார்கள். வீரகேரளம்புதூர்க்காரர் மட்டும், "மஞ்சள் வேண்டாம்னா குங்குமம் போடலாமா?" என்று கேட்டார். அவரிடம் தனியாகப் பேசினேன்.

பொங்கல் பண்ணைக்கு உள்ளேயே போனது. ஆட்கள் இல்லாமல் நானே கையுறையும் கவசமும் போட்டுத் தீவனம் வைத்தேன். தினம் இரண்டு தடவை பேச்சிக்குப் போன் பண்ணினேன். கோழிக்கு என்ன செய்யலாம் என்று யோசனை கேட்பதுபோல் கேட்பேன். "நான் நல்லா இருக்கேன்னு சொல்லிட்டேனே, இன்னும் எதுக்குக் கோழியைக் கேக்குதிய?" என்று அவளே சிரித்தாள்.

முடிவு வந்தது. பேச்சிக்குச் சாதாரணக் காய்ச்சல். கோழிக்கு வெள்ளைக்கழிச்சல், அதுவும் கூட்டமாகக் கொல்கிற வேறொரு தொற்றுநோய். பறவைக் காய்ச்சல் இல்லை. மரியதாஸ் போன் பண்ணி, நான் சும்மா பயந்து தை வாரத்தைத் தொலைத்துவிட்டதாகச் சொன்னான். டாக்டரம்மாவிடம் நானும் அப்படித்தான் அரைகுறையாக முனகினேன்.

"வேற விருந்தாளி வந்திருக்கான் ஐயா. ஆனா வாசல் அதே வாசல்தானே," என்றார் அவர்.

கடப்பாரையை எடுத்துக்கொண்டு கொட்டகை வாசலுக்குப் போனேன்.

சிமெண்ட் தொட்டியை இடித்தேன். பழைய டயரைப் பாதியாக அறுத்து, யாருக்கும் கும்பிடத் தோன்றாதபடி வைத்தேன். நாற்றமடிக்கிற மருந்தை மட்டும் தினம் மாற்றி ஊற்றினேன். பேச்சி காய்ச்சல் தீர்ந்து வந்த அன்று டயரைச் சுற்றி வந்து பார்த்தாள். "இதுலன்னா மிதிக்கலாம்" என்று சொல்லி, செருப்போடு இறங்கிக் கொஞ்ச நேரம் நின்றாள். நான் உள்ளே வந்த பிறகுதான் கண்ணைத் துடைத்தேன். முழங்கையால்.

அடுத்த வருடம் கால்நடைத் துறையின் கையேடு அச்சாகி வந்தது. பறவைக் காய்ச்சல் பகுதியில் பத்தொன்பது விதிகள். பதினேழாவது: "கால் நனைக்கும் தொட்டியில் மஞ்சள், வேப்பிலை, பூ முதலியன இடக் கூடாது, பணியாளர் காலணியோடு மிதிப்பதை நேரில் நின்று உறுதி செய்யவும்."

புத்தகத்தின் முன்பக்கத்தில் நன்றி என்று ஒரு பட்டியல் இருக்கிறது. படித்தவர்கள் பேர் எல்லாம் இருக்கிறது. நான்கு தடவை பார்த்துவிட்டேன், மகளையும் பார்க்கச் சொன்னேன். என் பேர் இல்லை. மற்ற பதினெட்டு விதியையும் யாராவது எங்கேயாவது ஆராய்ந்து எழுதியிருப்பார்கள். இந்தப் பதினேழாவதை எழுத ஒரு கொட்டகைக் கோழியும் ஒரு பொங்கலும் செலவழித்தவன் நான். இப்படி ஒரு தப்பு நடக்கும் என்று எந்த ஆராய்ச்சிக்காரருக்கும் தோன்றியிருக்காது. எனக்குத்தான் தோன்றியது, செய்தே காட்டினேன்.

ஆகவே அடுத்த பதிப்பில் பதினேழாவது விதிக்குக் கீழே என் பேர் வர வேண்டும். இதை ஒரு கோரிக்கையாகவே எழுதித் தருகிறேன். பேச்சியம்மாள் பேரும் வர வேண்டும் என்று டாக்டரம்மா சொல்கிறார். உண்மையைச் சொன்னது அவள்தான் என்கிறார். சரி, போடட்டும். அவள் பேர் முதலில் வந்தாலும் நான் சம்மதிக்கிறேன். ஆனால் இரண்டு பேரும் ஒரே அளவு எழுத்தில்தான் இருக்க வேண்டும். அச்சுக்குப் போகுமுன் என்னிடம் காட்டவும்.